ஆறு போல்ட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும்

அத்தியாயம் 14

வஜீதா அன்று காலையில் ஒரே பானையில் இரண்டு தடவை அரிசி களைந்து போட்டாள். முதல் தடவை போட்டது அவளுக்கு நினைவே இல்லை.

"ஏண்டி, ஜும்மா தொழுதுட்டு வர்றவங்க மொத்தப் பேரையும் சாப்பிடக் கூப்டிருக்கியா?" என்று ஓரகத்தி குர்ஷித் பேகம் பானைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு பாதி அரிசியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து நாளாகவே அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படியில் நின்றால் கொல்லைக்குப் போகத் தோன்றும். கொல்லைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும். எல்லாம் அந்தச் சிவப்புக் காரால் வந்த வினை.

மெட்ராஸ் ராமகிருஷ்ணன் கொண்டுவந்து விட்டுப் போன கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார்களைத் தேடிப் பிடித்து வாங்கி உயிர் கொடுப்பதுதான் ராமகிருஷ்ணனின் வேலை. ரமணாசிரமத்துக்கு வந்துபோகும் பழக்கத்தில், செங்கம் ரோட்டில் நசீருதீனின் ஸ்பிரிங் பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார்.

"வளைவுல பின்பக்கம் ஆடுது, குழியில எறங்கினா குதிக்குது. ரெண்டையும் அடக்கிக் குடுங்க" என்று அண்ணன் நசீருதீனிடம் சொன்னார். பிறகு அவர் தம்பி, வஜீதாவின் கணவன் நசீர் அகமதுவைப் பார்த்து, "வண்டி எனக்குப் பிடிச்ச மாதிரி வந்துட்டா, நீங்க ஷார்ஜாவுக்கே திரும்பிப் போக வேணாம். மெட்ராஸ்ல என் ஒர்க்‌ஷாப்பைப் பாத்துக்குங்க. பின்னாடியே ரெண்டு ரூம் வீடு இருக்கு. குடும்பத்தோட இருக்கலாம்" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வஜீதாவின் காதில் மற்ற எதுவும் விழவில்லை. 'குடும்பத்தோட' என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

எழுபத்தாறில் நிக்காஹ். இரண்டு மாதத்தில் நசீர் அகமது விமானம் ஏறினான். அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், நாற்பத்தைந்து நாள் இருப்பான். இது மூன்றாவது லீவு. ஆறு வருஷத்தில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஏழு மாதம் தேறாது. மீதியெல்லாம் கடிதமும், அவன் பேசிப் பதிந்து அனுப்புகிற கேசட்டும்தான். வருகிற புதன்கிழமை அவன் மறுபடியும் பம்பாய் போய் விமானம் பிடிக்க வேண்டும்.

ராமகிருஷ்ணன் இன்று நாலு மணிக்கு வந்து காரை ஓட்டிப் பார்க்கப் போகிறார். அவர் சரி என்று சொன்னால் மெட்ராஸ். தலையை ஆட்டினால் ஷார்ஜா. ஒரு பெண்பிள்ளையின் குடித்தனம் ஒரு காரின் பின்பக்கத்தில் போய் மாட்டிக்கொண்ட கதையை நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

*

காலை ஏழு மணிக்குத்தான் காரைத் தரையில் இறக்கினார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரம். ஸ்பெஷல் பஸ் விடுவதற்கு முன்னால் ஊரில் இருக்கிற பஸ்ஸெல்லாம் ஸ்பிரிங் பட்டை மாற்ற நசீருதீன் வாசலில் வரிசை கட்டி நிற்கும். பட்டறையில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. அதனால் சிவப்புக் காரை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஆள் குனிந்து நிற்கிற ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் கருங்கல் அடுக்கி அதில் காரைத் தூக்கி நிறுத்தி வேலை பார்த்தார்கள்.

வேலை இரண்டு பங்கு. பழைய பட்டைகள் தளர்ந்து போயிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, மெல்லிசாக, எண்ணிக்கையில் ஜாஸ்தியாகப் புதுப் பட்டைகளை உலையில் காய்ச்சி வளைத்துக் கொடுத்தது அண்ணன். ராமகிருஷ்ணன் சீமையிலிருந்து வரவழைத்துக் கொடுத்த புது ஷாக் அப்சார்பரையும், பட்டையின் முனைகளில் போல்ட்டைச் சுற்றி மாட்டும் ரப்பர் புஷ்களையும் காரின் அடியில் பொருத்தியது தம்பி.

கல்லை எடுத்துச் சக்கரத்தைத் தரையில் விட்டதும் எல்லோரும் பார்த்தார்கள். காரின் பின்பக்கம் நாலு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

நசீர் அகமது ஏறி உட்கார்ந்து ஆசிரமம் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டு வந்தான். இருபது நிமிஷம். காரைப் பழையபடி பள்ளத்தின் மேலேயே நிறுத்தினான். இறங்கும்போதே முகத்தைச் சுளித்தான்.

"தூக்கித் தூக்கிப் போடுது பாய்ஜான். கட்டை வண்டி மாதிரி இருக்குது."

நசீருதீனின் முகம் சுண்டிப்போனது. நாற்பத்தாறு வயது மனிதர். வேலூர் பஸ், செங்கம் பஸ், கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ் என்று சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற பாதி வண்டிகள் அவர் அடித்த பட்டையின் மேல்தான் ஓடுகின்றன. அப்படியே ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நீட்டி, பட்டையின் வளைவை ஜாண் போட்டு அளந்தார்.

"அளவு சரியாத்தானேடா இருக்குது? கணக்கு எங்க தப்புச்சு? ஒரு பட்டையை உருவிட்டுப் பாக்கலாமா?"

"நாலு மணிக்கு அவரு வந்துடுவாரு. இப்போ பிரிச்சா மாட்ட முடியாது. விடுங்க பாய்ஜான். நம்ம கை பஸ்ஸுக்குப் பழகின கை. இந்த மாதிரி வண்டிக்கு வராது போல கீது."

நசீருதீன் எழுந்து உட்கார்ந்தார். முதுகெல்லாம் சேறு. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "என் கைதான் தப்பு பண்ணிடுச்சு. உன் பொழப்பு இங்கயே அமையறதை நானே கெடுத்துட்டேன்டா" என்றார்.

அடுப்படி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த வஜீதாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது.

புதுச் சாமான்களோடு இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதம் வந்திருந்தது. ஆம்பூரில் பி.யு.சி. வரை படித்தவள் அவள். இந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது அவளுக்குத்தான். போன புதன்கிழமை மத்தியானம், அண்ணன் முன்பக்கம் பஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து நசீருக்குச் சொன்னாள். அதில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பட்டைகளைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டையும் கடைசியாக முறுக்குவது, சக்கரங்கள் தரையில் ஊன்றி, இரண்டு ஆள் பாரம் ஏறிய பிறகுதான். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கக் கூடாது.

ஏன் என்று அன்றைக்கு அவன்தான் விளக்கினான். "பஸ்ஸுக்கு வெங்கல புஷ். கிரீஸ் போட்டா வழுக்கிட்டுச் சுத்தும். எங்க வெச்சு முறுக்கினாலும் ஒண்ணுதான். இது ரப்பர். முறுக்கினா அப்டியே கவ்விக்கும். அந்தரத்துல முறுக்கிட்டு எறக்கினா ரப்பரு முறுக்கிக்கிட்டுப் பட்டையை ஆட விடாது. வண்டி தூக்கிக்கிட்டு நிக்கும். ஷார்ஜாவுல தெனம் செய்யற வேலை இது."

தூக்கிக்கொண்டு நிற்கும். இப்போது கார் அப்படித்தான் நிற்கிறது.

அவன் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தபோது, அண்ணன் காதில் விழாமல் கேட்டாள்: "ஏங்க, அந்த ஆறு போல்ட்டு... சக்கரத்தை எறக்கினப்புறம் முறுக்கினீங்களா?"

"முறுக்கியாச்சு."

"எப்போ? காலையில எறக்கின ஒடனே ஓட்டிட்டுப் போயிட்டீங்களே?"

"எறக்கினப்புறம்தான் முறுக்கினேன்னு சொல்றேன்ல? நீ உள்ள போய் வேலையைப் பாரு வஜீ."

அவன் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

*

பன்னிரண்டரைக்கு ஆண்கள் எல்லோரும் குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது. நசீருதீன் போகிறபோது காரைத் திரும்பிப் பார்த்தார். நசீர் அகமது பார்க்கவில்லை.

"பாபி, எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்றாள் வஜீதா.

"இன்னா, மறுபடியும் அரிசி போட்டுட்டியா?"

"காருக்கு அடியில எறங்கப் போறேன்."

குர்ஷித் பேகம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு அவளுக்கு. அதற்கேற்ற குரல். ஆனால் இப்போது குசுகுசுவென்றுதான் பேசினாள். "பைத்தியம் புடிச்சுடுச்சாடி உனக்கு?"

"அவரு ஒண்ணை மறந்துட்டாரு. ஆறு போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி முறுக்கினா வண்டி சரியாயிடும். காகிதத்துல போட்டிருக்கு."

"அப்போ அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"பாய்ஜான் முன்னால எப்டிச் சொல்றது? அவருக்கு அசிங்கமில்லையா?"

தம்பி மனைவி, மச்சாண்டாரான புருஷனின் அண்ணன் முன்னால் வந்து நின்று, உங்கள் தம்பி செய்தது தப்பு என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கிடையாது. குர்ஷித் பேகத்துக்கு அது புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இரண்டு ஆள் பாரம் வேண்டுமே? சமையலறைக்குப் பின்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து இறங்கிய மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் நான்கு இருந்தன. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துவந்து, சீட்டுக்கு இரண்டாகக் காரில் ஏற்றினார்கள். மழைத்தண்ணீர் பள்ளத்தில் கணுக்காலுக்குத் தேங்கியிருந்தது. வஜீதா செருப்பைக் கழற்றிவிட்டு, நசீரின் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

குனிந்து அண்ணாந்து பார்த்தாள். பட்டையின் முன்முனையில் ஒரு போல்ட், பின்முனையில் இரண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொரு நட்டின் மேலும், நட்டிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் சேர்த்து, மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். ஷார்ஜா பழக்கம் அது. கடைசி முறுக்கு முடிந்ததும் பெயிண்ட் வைப்பார்கள். நட்டு அரை மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்ட் வைத்துவிட்டால் அத்தோடு முடிந்தது, யாரும் தொட மாட்டார்கள் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

நேற்று சாயங்காலம் டீ கொண்டுவந்தபோது அவன் இதே கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கை நடுங்காமல் கோடு இழுப்பதை ஆசையாக நின்று பார்த்தாளே! அப்போது கார் எங்கே இருந்தது? கல்லின் மேல். சக்கரம் மாட்டவே இல்லை.

இப்போது ஆறு கோடுகளும் உடையாமல் அப்படியே இருக்கின்றன. இறக்கிய பிறகு முறுக்கினேன் என்று காலையில் சொன்னது பொய். மறந்துபோகிறவன் பொய் சொல்ல மாட்டான். தினம் செய்கிற வேலையை யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

தெரிந்தேதான் செய்திருக்கிறான். கார் தோற்க வேண்டும் என்றே செய்திருக்கிறான். அவனுக்குப் போக வேண்டும்.

வஜீதா ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு வருஷமாக யாருக்காகக் காத்திருந்தோம் என்று ஒரு கேள்வி வந்தது. அதுதான் அவளைப் போட்டு அறுத்தது.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்? பாம்பு கீம்பு இருக்குதா?" என்று மேலேயிருந்து குர்ஷித் பேகம் பதறினாள்.

"ஒண்ணுமில்ல பாபி."

ஏறி வந்துவிடலாமா என்று நினைத்தாள். இருக்கப் பிரியமில்லாதவனை ஆறு நட்டு முறுக்கியா கட்டிப் போட முடியும்? போகட்டும். விமானத்தில் ஏறி மகராஜனாகப் போகட்டும்.

ஆனால் காலையில் அந்த மனிதர் ஈரத்தில் கிடந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு தப்பும் செய்யாத கை. தம்பி உண்மையைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அதை நினைத்ததும் வஜீதாவுக்கு வந்த கோபத்தில் முதல் நட்டு தானாகவே கழன்றிருக்கும்.

தானாகக் கழலவில்லைதான். மூன்று ஸ்பேனர் மாற்றிப் பார்த்த பிறகு ஒன்று பொருந்தியது. அவள் பலத்துக்கு அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கினாள். குர்ஷித் பேகம் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, குழாயின் முனையைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"யா அல்லா!"

கிறீச்சென்று நட்டு திரும்பியது. மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றாவது நட்டு தளர்ந்ததும் ரப்பர் முறுக்கு விட்டு, கார் ஒரு முனகலோடு இடது பக்கம் கீழே இறங்கியது.

"உழுந்துடுச்சு! வண்டி உழுந்துடுச்சு! ஓடியாடி!"

"உழலை பாபி. உக்காந்திருக்கு. அடுத்த பக்கம் வாங்க."

ஆறையும் தளர்த்தினார்கள். வஜீதா மேலே ஏறி காரின் பின்பக்கத்தைக் கையால் நாலு தடவை அழுத்தி விட்டாள். மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. பிறகு மறுபடி இறங்கி, ஆறையும் ஒவ்வொன்றாக இறுக்க முறுக்கினார்கள். கடைசி நட்டும் முடிந்து, மூட்டைகளைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டபோது இரண்டு பேருக்கும் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

சுவரோரத்தில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. உடைந்த கோட்டின் மேல் புதுக் கோடு இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வஜீதா டப்பாவைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். தெரியட்டும்.

*

"டேய் நசீரு! இங்க வந்து பாருடா!"

சாப்பிட்டுக் கை கழுவ வந்த நசீருதீன் போட்ட சத்தத்தில் பட்டறை ஆட்கள்கூட ஓடி வந்தார்கள். கார் தராசுத்தட்டு மாதிரி மட்டமாக நின்றது.

"படிஞ்சுடுச்சுடா! இரும்பு படியறதுக்கு நேரம் வேணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. தொழுதுட்டு வர்றதுக்குள்ள தானா படிஞ்சுடுச்சு!"

குர்ஷித் பேகம் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். நசீர் அகமது பள்ளத்தில் இறங்கினான். சீக்கிரமே ஏறி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வஜீதா நகரவில்லை. அவளும் அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

அதற்குள் வாசலில் ஹார்ன் அடித்தது. ராமகிருஷ்ணன் தன்னுடைய இன்னொரு காரில், டிரைவரோடு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

அவர் சிவப்புக் காரை ஓட்ட, நசீர் அகமது பக்கத்தில் உட்கார்ந்தான். மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வளைவுக்கும் பஞ்சமில்லை, குழிக்கும் பஞ்சமில்லை அந்தப் பாதையில்.

வஜீதா காத்திருந்த அந்த அரை மணி நேரத்தை என்னவென்று சொல்வது! பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். வாசல் அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். கார் நன்றாக ஓட வேண்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள். நன்றாக ஓடினால் மட்டும் என்ன, போகிறவன் போகத்தானே போகிறான் என்று அடுத்த நிமிஷம் வெறுத்துப்போனாள்.

கார் திரும்பி வந்தது. ராமகிருஷ்ணன் இறங்கி நேராக நசீருதீனிடம் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுதுங்க! செங்கம் ரோடு குழியில எறங்கினதே தெரியலை. சீமையில செஞ்சாக்கூட இப்படி வந்திருக்காது. என்ன கைங்க உங்களுக்கு!"

நசீருதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நசீர், நாளைக்குக் காலையில நீங்களே இந்த வண்டியை மெட்ராஸுக்கு ஓட்டிட்டு வந்துடுங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வீட்டைப் பாக்கட்டும்" என்றார் ராமகிருஷ்ணன்.

"சரிங்க சார்" என்றான் நசீர் அகமது. சந்தோஷப்படுகிறவன் குரலாக அது இல்லை.

*

மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. ராமகிருஷ்ணனை வழியனுப்பிவிட்டு அவன் அடுப்படிக்கு வந்தான். குர்ஷித் பேகம் அவன் முகத்தைப் பார்த்ததுமே தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நழுவிவிட்டாள்.

"நீயா பண்ணே?"

"நான்தான். பாபி மேல தப்பில்ல, நான்தான் கூப்பிட்டேன்."

"ஏன் பண்ணே?"

"அதை நான் கேக்கணும்ங்க." வஜீதா நிமிர்ந்து பார்த்தாள். "அந்தரத்துல முறுக்கினா இன்னா ஆவும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே நீங்கதான். மறந்துட்டீங்கன்னு நெனச்சுத்தான் பள்ளத்துல எறங்கினேன். கோட்டைப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. அண்ணன் தன் கையைத் தானே நொந்துக்கிட்டு உக்காந்திருந்தாரே, அப்போகூட உங்களுக்கு வாய் வரலையா?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "வரலை" என்றான்.

"போகணும்னா போறேன்னு சொல்லிட்டுப் போங்களேன். காரை எதுக்குக் கெடுக்கணும்?"

"சொல்ல முடியலை. போறேன்னு சொன்னா உன் மொகத்தைப் பாக்கணும். கார் சரியா வரலைன்னா யார் மேலயும் தப்பில்ல. நான் பாட்டுக்குப் போயிடலாம்."

"அங்க யாராவது இருக்காங்களா?" இந்தக் கேள்வியைக் கேட்க அவள் மத்தியானத்திலிருந்து தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள்.

"சேச்சே! இன்னா பேச்சு பேசறே வஜீ?" அவன் பதறிப்போனான். மறுபடி பேசியபோது குரல் இறங்கிப்போயிருந்தது. "உனக்கு நான் யாருன்னு தெரியாது. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை சென்ட்டு, துணி, டேப் ரிகார்டர்னு எடுத்துக்கிட்டு விருந்தாளி மாதிரி வர்றவனைத்தான் தெரியும். அந்த நாப்பத்தஞ்சு நாளும் நான் சிரிச்சுக்கிட்டே இருப்பேன். கேசட்ல பேசறப்போகூட தப்பா வந்தா அழிச்சுட்டுத் திருப்பிப் பேசுவேன். மெட்ராஸ்ல தெனம் காலையில எழுந்திரிச்சு என் மொகத்துலதானே முழிக்கணும்? எனக்குக் கோவம் ஜாஸ்தி. தூக்கத்துல கத்துவேன். ஒரு மாசத்துல உனக்குப் புடிக்காம போயிட்டா நான் எங்க போவேன்? ஷார்ஜாவும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே."

வஜீதா இதை எதிர்பார்க்கவில்லை. எந்தெந்தக் காரணத்தையோ நினைத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைக் கூர்தீட்டி வைத்திருந்தாள். அவற்றில் இது இல்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்ங்க. அதைச் சொல்றதுக்காவது நீங்க எதிர்ல இருக்கணும் இல்ல? சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லாம ஆறு வருசம் ஓட்டியிருக்கேன். கேசட்டுகிட்டயா சண்டை போட முடியும்?"

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான்.

"நசீரு!" முன்பக்கத்திலிருந்து நசீருதீன் கூப்பிட்டார். "டிராவல்ஸ் ஆள் வந்திருக்காருடா. டிக்கெட் போடணுமாம், பாஸ்போர்ட்டைக் கேக்கறாரு. வேணும்னா குடு, வேணாம்னா வேணாம்னு சொல்லி அனுப்பு. அவரு ஆறரை பஸ்ஸைப் புடிக்கணுமாம்!"

நசீர் அகமது கையை நீட்டினான். அலமாரிச் சாவி வஜீதாவின் இடுப்பில்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட்டை எடுத்து, தூசி தட்டி, அவன் கையில் கொடுப்பவள் அவள்தான்.

இன்று சாவியை மட்டும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே எடுத்துக்குங்க. இல்ல எடுக்காதீங்க. என் கையால எடுத்துக் குடுத்தது போதும்."

அவன் அறைக்குள் போனான். வஜீதா அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

"நசீரு!" நசீருதீன் இரண்டாவது தடவை கூப்பிட்டார்.

"வர்றேன் பாய்ஜான்" என்றான் அவன், இருந்த இடத்திலிருந்தே. பிறகு சின்னக் குரலில், "வஜீ, இங்க வா" என்றான்.

அவள் போய் நிலைப்படியில் நின்றாள். பாஸ்போர்ட் அலமாரித் தட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழ்த்தட்டில் அவள் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவன் பிரித்துவிட்டிருந்தான். இரண்டு சில்வர் தட்டு, இரண்டு டம்ளர், ஒரு சின்னக் குழம்புச் சட்டி, ஒரு கரண்டி, உறையோடு இரண்டு தலையணை. எல்லாம் புதுசு. கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இது இன்னா?"

"மெட்ராஸ் வீட்டுக்கு" என்றாள் வஜீதா. "அவரு வந்து கேட்டுட்டுப் போன மறுநாளே வாங்கிட்டேன்."

அவன் ஒரு டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தான். கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

வாசலிலிருந்து நசீருதீன் மூன்றாவது தடவை கூப்பிட்டார். நசீர் அகமது பாஸ்போர்ட்டை எடுக்காமலே அலமாரியைப் பூட்டி, சாவியை வஜீதாவின் கையில் வைத்தான்.